இளமைக்கு எத்தனை வீசம்?

வடலூருக்குப் போகிறவர்கள் இரண்டு நெருப்புகளைப் பார்க்கலாம். ஒன்று, சத்திய தருமச்சாலையின் அடுப்பு. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகள் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டியது. அன்று முதல் அணையவே இல்லை என்கிறார்கள் அன்பர்கள். பசி என்று வந்தவர் யாராயிருந்தாலும் அந்த அடுப்பிலே அவருக்குச் சோறு உண்டு. மற்றொன்று, பக்கத்து நெய்வேலியில் எரிகிற நெருப்பு. பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எடுத்து, அதை எரித்து மின்சாரம் செய்கிறார்கள். 1956-ல் அதற்கென்று ஒரு கார்ப்பரேஷன் ஏற்பட்டது. அதற்கப்புறம் முந்திரித் தோப்பும் புன்செய்யுமாகக் கிடந்த அந்தச் சீமை வேறு சீமையாகிவிட்டது.

நான் சொல்லப் போவது மூன்றாவது நெருப்பைப் பற்றி. அது என் நண்பர் ஒருவருடைய உடம்பில் எரிந்தது.

நண்பர் நிலக்கரி ஊரில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து, அறுபதாவது வயதில் ஓய்வு பெற்று, வடலூரில் வீடு கட்டிக் கொண்டு குடியேறியவர். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர். சென்ற தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் பார்க்கப் போனபோது அவர் வீட்டில்தான் தங்கினேன். ஆளைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. "என்னப்பா இது, கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாயே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சிறு அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அதில் ஊசி மருந்து இருந்தது. ஒவ்வொரு குப்பியிலும் 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எதிலும் ஒரு சலிப்பு. மத்தியானம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை. தொந்தி வேறு விழுந்து விட்டது. சர்க்கரையும் எல்லைக் கோட்டைத் தொட்டுக் கொண்டிருந்தது. "மற்ற விஷயத்திலும் முன்போல் இல்லை" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாரோ சொன்னார்கள் என்று பட்டணத்தில் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அவர் சொன்னதைக் கேட்டுக் கொண்டு, ரத்தத்தைச் சோதிக்காமலே, மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி என்று ஆரம்பித்து விட்டார்கள். முதல் ஊசி போட்ட ஐந்தாம் நாள் மாடிப்படி ஏறுவது சுலபமாயிருந்ததாம். மூன்று மாதம் வாலிபனைப் போல இருந்தாராம். ஆனால் மூன்றாவது வாரக் கடைசியில் அந்த உற்சாகம் வடிந்து போகும். ஆகவே மூன்று வாரத்தை இரண்டாக்கினார். இரண்டைப் பத்து நாளாக்கினார். டாக்டரைக் கேட்கவில்லை. தாமே.

எட்டு மாதம் கழித்து ஒரு ரத்ததான முகாமுக்குப் போனார். ஊசி முனையில் ஒரு துளி எடுத்துப் பார்த்தவர்கள், "ஐயா, உங்கள் ரத்தம் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள்" என்று அனுப்பி விட்டார்கள். ஹீமோகுளோபின் 19. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 57. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓட வேண்டிய ரத்தம் பாகு மாதிரி ஆகிவிட்டது.

"இப்போது நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தினால் மறுபடியும் கிழவனாகி விடுவேன். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் நண்பர்.

காபி கொண்டு வந்த அவர் மனைவி டம்ளரை வைத்து விட்டு, "நான் இதைக் கேட்டேனா, அண்ணே? நீங்களே கேளுங்கள் இவரை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு மருத்துவம் தெரியாது. கதைதான் தெரியும். ஆகவே இந்த மருந்துக்கு ஏதாவது கதை இருக்கிறதா என்று ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். இருக்கிறது, நல்ல கதை. அதைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

*

ஆண்மை என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்பது நம் குடியானவர்களுக்கு என்றைக்கோ தெரியும். முரட்டுக் காளையைக் காயடித்தால் அது சாது எருதாகி, ஏருக்கும் வண்டிக்கும் கழுத்தைக் கொடுக்கும். ஆனால் விதையை எடுத்தால் கழுத்தின் கொழுப்பும் குணமும் ஏன் மாற வேண்டும்? இரண்டுக்கும் நடுவே என்ன ஓடுகிறது? இதை யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்ட்டோல்டு. 1849-ல் அவர் சில சேவல் குஞ்சுகளின் விதையை எடுத்தார். கொண்டை சுருங்கிற்று, கூவுவது நின்றது, சண்டையும் போயிற்று. வேறு சில குஞ்சுகளுக்கு எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அவை கொண்டை சிவந்து, கூவி, சண்டை போட்டன. அப்படியானால் ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது என்று எழுதி வைத்தார். உலகம் அதைக் கவனிக்காமல் நாற்பது வருஷம் தூங்கிற்று.

எழுப்பியவர் பிரௌன் ஸெக்கார். மொரீஷியஸ் தீவில் 1817-ல் பிறந்தவர். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்தில் பாடுபட்ட அதே மொரீஷியஸ்தான். நரம்பு சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்ற மேதை. 1889 ஜூன் முதல் தேதி, தமது எழுபத்திரண்டாவது வயதில், பாரிஸ் விஞ்ஞானிகளின் சபையில் எழுந்து நின்று, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதையை இடித்துச் சாறெடுத்துத் தம் உடம்பில் ஊசி போட்டுக் கொண்டதாகவும், இளமை திரும்பி விட்டதாகவும் சொன்னார். மாடிப்படிகளை ஓடி ஏறுவதாகச் சொன்னார். எத்தனை எடை தூக்குகிறார் என்று கணக்குக் கொடுத்தார். சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதைக் கூட அளந்து, நூற்றுக்கு 25 பங்கு கூடிற்று என்றார். சபையிலே சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் வெளியே இருந்த கிழவர்கள் சிரிக்கவில்லை. பல தேசங்களில் டாக்டர்கள் அந்தச் சாறு ஊசியைப் போட ஆரம்பித்து விட்டார்கள். பிரௌன் ஸெக்கார் 1894-ல் காலமானார்.

இன்று நமக்குத் தெரியும், அந்தச் சாற்றில் சரக்கே இல்லை என்று. விதை அந்தப் பொருளைச் சேர்த்து வைப்பதில்லை. உண்டாக்கியவுடன் ரத்தத்தில் விட்டு விடுகிறது. தவிர, அது தண்ணீரில் எளிதில் கரைவதுமில்லை. இவரோ தண்ணீரில் சாறெடுத்தார். அப்படியானால் அந்தப் பெரியவரை மாடிப்படியில் ஏற்றியது எது? நம்பிக்கைதான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஊசி போட்ட ஐந்தாம் நாள் என் நண்பர் படியேறியதில் மருந்தின் பங்கு எத்தனை, நம்பிக்கையின் பங்கு எத்தனை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

*

அதன் பிறகு வந்த காலத்தை இளமைப் பித்துக் காலம் என்று சொல்லலாம். வியன்னாவில் ஸ்டைனாக் என்ற விஞ்ஞானி, விந்து வருகிற குழாயைக் கட்டி விட்டால் உள்ளேயிருக்கும் சத்தெல்லாம் உடம்புக்குத் திரும்பும் என்றார். மனோதத்துவ மேதை பிராய்டு 1923-ல் அந்த ஆபரேஷனைச் செய்து கொண்டார். அப்போது அவருக்குத் தாடையில் புற்று. அதற்கு ஏதாவது பிரயோசனப்படுமா என்ற ஆசை. ஐரிஷ் மகாகவி ஏட்ஸ் 1934-ல், அறுபத்தெட்டு வயதில், செய்து கொண்டார். பிற்பாடு நம் நாட்டுப் புரோஹித ஸ்வாமியோடு உட்கார்ந்து உபநிஷதங்களை ஆங்கிலத்தில் ஆக்கியவரும் இந்த ஏட்ஸ்தான். பாரிஸில் வரனாஃப் என்ற டாக்டர் 1920 முதற்கொண்டு குரங்கின் விதையைச் சீவி மனிதருக்கு ஒட்டு வைத்தார். பணக்காரர்கள் அவர் வாசலில் காத்து நின்றார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஸ்டைனாக் செய்த ஆபரேஷன் வேறொன்றுமில்லை. நாம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்று சொல்கிறோமே, அதேதான். 1956-ல் சென்னை ராஜ்யத்தில் அதைச் செய்து கொள்கிறவர்களுக்குச் சர்க்கார் கையில் பணம் கொடுக்கத் தொடங்கியது. நம் ஜனங்கள் பயந்தார்கள். ஆண்மை போய்விடும், ஏர் பிடிக்கக் கை வராது என்றார்கள். வியன்னாவில் இளமை வருமென்று செய்து கொண்டது, தஞ்சாவூரில் இளமை போகுமென்று பயப்பட்டது, இரண்டும் ஒரே கத்தி வேலை. அந்தக் கத்தி இளமையைக் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. குழாய் வழியாகப் போவது விந்தணு. ஆண்மைச் சத்து போவதோ ரத்தத்தின் வழியாக. பெர்ட்டோல்டின் சேவல்கள் 1849-லேயே இதைக் கூவிச் சொல்லி விட்டன.

நம் தேசத்துக்கும் இந்தப் பித்து புதிதல்ல. மகனிடம் இளமையைக் கடன் வாங்கின யயாதியின் கதை நமக்குப் பாட்டி சொன்ன கதை. 1938-ல் பண்டித மதன்மோகன் மாளவியா, எழுபத்தாறு வயதில், தபஸி பாபா என்ற சாதுவின் மேற்பார்வையில் ஒரு குடிசைக்குள் பல வாரம் அடைந்து கிடந்து காயகல்பம் சாப்பிட்டார். தேசமெங்கும் அதே பேச்சாக இருந்தது. கிழவர் தெம்பாக வெளியே வந்தாரென்று செய்தி வந்தது. பிறகு முதுமை தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. 1946-ல் அவர் மறைந்தார்.

என் பாட்டனார் பைண்டு செய்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளை நான் சிறுவனாக இருந்தபோது புரட்டியதுண்டு. தொடர்கதை முடிகிற பக்கத்திலேயே தாது புஷ்டி லேகியத்துக்கு விளம்பரம் இருக்கும். கதாநாயகி கண்ணீர் விடுவாள், அதற்குக் கீழே இரண்டு வரி தள்ளி, "வாலிபர்களே, வருந்தாதீர்கள்!" என்கிற பாணியில் ஓர் அழைப்பு. 1954-ல் இந்த மாதிரி விளம்பரங்களைத் தடுக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சிற்றின்ப சக்தியை வளர்ப்பதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்பது அதில் ஒரு முக்கிய ஷரத்து. சட்டம் வந்து எழுபது வருஷம் தாண்டி விட்டது. பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்தால் சட்டம் வந்த செய்தி அவற்றுக்கு இன்னும் எட்டவில்லை என்று தெரிகிறது.

*

இனி உண்மைச் சரக்கின் கதைக்கு வருவோம். அதைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1931-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பூட்டெனாண்ட், போலீஸ்காரர்களின் சிறுநீரைப் பதினையாயிரம் லிட்டர் சேகரித்துக் காய்ச்சி வடித்து, 15 மில்லிகிராம் ஆண்மைப் பொருள் எடுத்தார். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் லக்கேயர் என்பவருடைய கூட்டத்தார் 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று நாமகரணம் செய்தார்கள். ஆரோக்கியமான ஆண்பிள்ளையின் உடம்பு ஒரு நாளில் ஐந்தாறு மில்லிகிராம் செய்து கொள்கிறது. அதாவது, ஒரு மந்தைக் காளைகளின் விதையை அரைத்தும் ஒரு மனிதனுக்கு இரண்டு நாள் செலவுக்குக் காணாது!

ஆனால் அதே வருஷம் பூட்டெனாண்டும், ஸ்விட்ஸர்லாந்தில் ருஸிச்காவும் தனித்தனியே அதைக் கொழுப்புச் சத்தான கொலஸ்ட்ராலிலிருந்து செயற்கையாகச் செய்து விட்டார்கள். 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹிட்லர் சர்க்கார் பூட்டெனாண்டை அப்போது வாங்க விடவில்லை.

சரித்திரம் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. 1935 வரையில், எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி. 1935-க்குப் பிறகு, எத்தனை கொடுப்பது, எத்தனை காலம் கொடுப்பது என்பதே கேள்வி. முதல் கேள்விக்கு விடை காண எண்பத்தாறு வருஷம் ஆயிற்று. இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை எழுதிக் கொண்டேயிருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த அளவு எது என்று பழமொழி சொல்லவில்லை பாருங்கள்.

முதலில் பயம் வந்தது. 1941-ல் சிகாகோவில் ஹக்கின்ஸ் என்ற டாக்டர், புராஸ்டேட் சுரப்பியில் புற்று வந்தவர்களுக்கு விதையை எடுத்துவிட்டால் புற்று அடங்குகிறது என்று கண்டார். 1966-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். எடுத்தால் அடங்குகிறது என்றால், கொடுத்தால் வளரும் அல்லவா என்று வெகு காலம் மருத்துவ உலகம் அஞ்சியது. பிற்காலத்தில் அந்தப் பயம் ஒரு படி இறங்கிற்று. குறைந்த அளவிலேயே அந்தச் சுரப்பி நிரம்பி விடுகிறது, அதற்கு மேல் ஊற்றினால் அது அவ்வளவாகக் குடிப்பதில்லை என்கிறார்கள். ஆனாலும் புற்று இருப்பவருக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை என்பதே பொது விதி.

அப்புறம் தைரியம் வந்தது; தைரியம் வியாபாரமாயிற்று. 2000-த்துக்குப் பிறகு, தோளில் தடவிக் கொள்ளும் களிம்பாகவே அமெரிக்காவில் விற்றார்கள். களைப்பா, மறதியா, தொந்தியா, தடவு களிம்பை என்றார்கள். தகப்பன் தடவிய களிம்பு குழந்தை மேல் ஒட்டி, அந்தப் பிஞ்சு உடம்பில் பருவக் குறிகள் தோன்றியதுண்டு. 2009-ல் அமெரிக்க மருந்து இலாகா அதற்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் உண்மையிலே எத்தனை பேருக்கு இந்த மருந்து தேவை? ஐரோப்பாவில் நாற்பதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையுள்ள 3,369 ஆண்களைச் சோதித்து 2010-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வயதானதால் வந்த உண்மையான குறை, நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் இருந்தது. மற்றவர்களுடைய களைப்புக்குத் தொந்தியோ, சர்க்கரையோ, தூக்கமின்மையோ, மனக் கவலையோதான் காரணம் தேட வேண்டியிருந்தது.

பிறகு மறுபடியும் பயம். தள்ளாத முதியவர்கள் 209 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்தியதாக 2010-ல் வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 23 பேருக்கு இருதய சம்பந்தமான தொந்தரவு; வெறும் களிம்பு பெற்றவர்களில் 5 பேருக்குத்தான். 2015-ல், மாரடைப்பு, பக்கவாதம் வரக்கூடும் என்று மருந்தின் மேல் அச்சிட உத்தரவாயிற்று.

சண்டையைத் தீர்க்க ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். நாற்பத்தைந்திலிருந்து எண்பது வயது வரையுள்ள, இருதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய, டெஸ்டோஸ்டிரோன் உண்மையாகவே குறைந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. 2023-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் மூன்றும் சேர்ந்து மருந்துக்காரர்களில் நூற்றுக்கு 7.0, வெறும் களிம்புக்காரர்களில் 7.3. வித்தியாசம் இல்லை. ஆனால் இருதயத் துடிப்புத் தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவது ஆகியவை மருந்துக்காரர்களிடம் சற்று அதிகம். எலும்பு உறுதிப்படும் என்று எதிர்பார்த்தார்கள். எலும்பு முறிவும் அவர்களிடந்தான் சற்று அதிகமாயிருந்தது. 2025-ல் மருந்து இலாகா பழைய மாரடைப்பு எச்சரிக்கையை எடுத்து விட்டு, ரத்தக் கொதிப்பு ஏறும் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தது. வயதாகி விட்டது என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கொடுப்பதற்கு அனுமதி இல்லை என்பதை மட்டும் மாற்றவில்லை.

இந்தச் சோதனையை என் நண்பரைப் போன்றவர்கள் தங்களுக்குச் சாதகமாகப் படித்து விடக்கூடாது. அதிலே சேர்ந்தவர்களுக்கு முன்கூட்டியே ரத்தம் பார்த்தார்கள். அடிக்கடி பார்த்து, சிவப்பணு ஏறினால் மருந்தைக் குறைத்தார்கள், நிறுத்தினார்கள். சராசரியாக இரண்டு வருஷத்துக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். ஆகவே, அளந்து கொடுத்தால் சில வருஷம் பெரிய ஆபத்தில்லை என்றுதான் அது சொல்கிறது. அளக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சியாகாது.

*

அளவு விஷயத்தில் இந்த மருந்துக்கு ஒரு வினோத குணம் உண்டு. வீட்டு அடுப்பு எரிந்து கொண்டிருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து சமைத்த சோறு வேளை தவறாமல் வர ஆரம்பித்தால் என்ன செய்வோம்? அடுப்பை அணைத்து விடுவோம் அல்லவா? உடம்பும் அப்படியே. ரத்தத்தில் ஆண்மைச் சத்து போதுமா என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்கிறது. ஊசி வழியாகத் தாராளமாக வந்தால், 'இனி நீ வேலை செய்ய வேண்டாம்' என்று விதைக்கு உத்தரவு போய்விடுகிறது. விதை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கர்ப்பத் தடை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு விந்தணு அறவே நின்று போயிற்று. குழந்தை வேண்டுமென்ற ஆசையில் 'ஆண்மை ஊசி' தேடிப் போகும் இளைஞர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். தேகப்பயிற்சிக் கூடத்தில் தோள் திரள வேண்டுமென்று போட்டுக் கொள்கிறவர்களும் படிக்கலாம்.

குறையை ஈடு செய்வதற்காகக் கொடுக்கிற அளவு, வாரத்துக்குச் சுமார் 75 முதல் 100 மில்லிகிராம். என் நண்பர் பத்து நாளைக்கு 250 வீதம் போட்டுக் கொண்டார். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 175. கர்ப்பத் தடைக்குச் சோதித்துப் பார்த்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்து விட்டார்! அவர் வயதில் அதனால் நஷ்டமில்லை. ஆனால் அதே மருந்துதான் எலும்புக்குள்ளே சிவப்பணு செய்யும் பட்டறையையும் தட்டி எழுப்புகிறது. சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது டாக்டர்களின் விதி. அவர் 57-க்குப் போய்விட்டார்.

*

மறுபடி வடலூர் போனபோது இவ்வளவையும் நண்பருக்குச் சொன்னேன். பிறகு இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் வேறு டாக்டர், நிதானமானவர். எல்லாவற்றையும் கேட்டு விட்டு ஒரு கேள்வி கேட்டார்: "முதல் ஊசி போடுவதற்கு முன் எடுத்த ரத்தக் கணக்கு எங்கே?"

இல்லை. எடுக்கவே இல்லை.

"அப்படியானால் உங்களுக்கு இது தேவையாக இருந்ததா, இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காலை வேளையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 300 நானோகிராமுக்குக் கீழே இரண்டு தடவையும் இருந்து, கூடவே உபத்திரவமும் இருந்தால்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். இப்போது பார்த்தால் ஊசியின் கணக்குத்தான் தெரியும். உங்கள் உடம்பின் கணக்குத் தெரியாது. நிறுத்துங்கள். சில மாதம் கஷ்டமாக இருக்கும். உங்கள் அடுப்பு மறுபடி பிடிக்கட்டும். பிறகு பார்ப்போம்."

அடுப்பு என்ற வார்த்தையை அவரும் உபயோகித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வடலூர்ப் பக்கத்து டாக்டருக்கு அது இயல்பாகவே வரும் போலிருக்கிறது.

வெளியே வந்து தருமச்சாலைப் பக்கம் நடந்தோம். பந்தி நடந்து கொண்டிருந்தது. நண்பர் சொன்னார்: "அடிகள் கூட ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார், தெரியுமா உனக்கு?" எனக்குத் தெரியும். அன்பர்கள் குறித்து வைத்திருக்கும் உபதேசங்களில் அது இருக்கிறது. உணவு பாதி அளவு. உறக்கம் அதில் காற்பங்கு, அதாவது எட்டில் ஒன்று. ஸ்திரீ போகம் வீசம், பதினாறில் ஒன்று. பயம் மட்டும் ஒன்றுமே கூடாது. மரணமில்லாப் பெருவாழ்வைப் பற்றி அவ்வளவு பேசியவர், நானூறுக்கும் மேற்பட்ட மூலிகைகளின் குணத்தைப் பட்டியல் போட்டு வைத்தவர், கடைசியில் மனிதனுக்குக் கொடுத்தது நெல் அளக்கிற கணக்குத்தான். அவர் ஆசையைப் பூஜ்யமாக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், வீசமாக்கச் சொன்னார். பூஜ்யமாக்கச் சொன்னது பயத்தை.

நண்பர் வெகு நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "எனக்கு வந்தது அந்த வியாதிதான்" என்றார்.

"எது?"

"பயம். சங்கு ஊதினால் வேலைக்குப் போவேன், சங்கு ஊதினால் வருவேன். முப்பத்தைந்து வருஷம். ஒரு நாள் சங்கு ஊதியது, நான் போக வேண்டியதில்லை. அன்றைக்கே கிழவனாகி விட்டேன். அதை ரத்தத்தில் தேடினேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு ரத்தத்திலும் குறை இருந்திருக்கலாம். நூற்றுக்கு இரண்டு பேரில் அவர் ஒருவராக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்து உண்மையிலே வரப்பிரசாதம். விதை பழுதானவர்களுக்கும், பிட்யூட்டரியில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது இல்லாவிட்டால் எலும்பும் ரத்தமும் சோர்ந்து போகும். மருந்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. அளந்து பார்க்காமல் ஆரம்பித்ததால், பயம் எத்தனை, குறை எத்தனை என்று பிரிக்க முடியாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

ஆறு மாதம் ஆயிற்று. முதல் மூன்று மாதம் மிகவும் சிரமப்பட்டார். கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று அவர் மனைவி டெலிபோனில் சொன்னார். பிறகு மெள்ள மெள்ளக் காலையில் நடக்க ஆரம்பித்தார். ஆறு கிலோ இளைத்தார். சர்க்கரையும் இறங்கிற்று. தருமச்சாலையில் வாரத்துக்கு இரண்டு நாள் பரிமாறப் போகிறாராம். ஒரு கரண்டியில் எத்தனை பேருக்குச் சோறு வரும் என்று இப்போது கண்ணாலேயே தெரிகிறதாம்.

சென்ற மாதம் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு நாள் ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் 328. மற்றொரு நாள் 341. கோட்டுக்குச் சற்று மேலே. சிவப்பணு 47-க்கு வந்துவிட்டது. ஊசி வேண்டாம், வருஷத்துக்கொரு முறை பார்த்துக் கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? டெலிபோனில் நண்பரின் குரல் அப்படி இல்லை. "சரிதான். ஆனாலும், அந்த மூன்று மாதம் இருந்ததே..." என்று இழுத்தார்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "அண்ணனிடம் அதையெல்லாம் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். பந்திக்கு நேரமாகிறது, போங்கள்."

டெலிபோனை வைத்து விட்டார்.